ரோலிங் லினக்ஸ்: ஆர்ச்சா, டம்பிள்வீடா, வேறு ஏதாவதா?

கேள்வி: 2025 அக்டோபர் 17

விண்டோஸ் 10-க்கு 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. என் டெஸ்க்டாப் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 இதை ஏற்காது. முன்பு ஒரு லினக்ஸ் வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய அப்கிரேடு வரும்போதெல்லாம் ஏதாவது உடைந்து, கடைசியில் புதிதாகவே நிறுவ வேண்டியதாகிவிடும். ரோலிங் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) என்றால் ஒருமுறை நிறுவினால் போதும், அதுவே புதுப்பித்துக்கொண்டு போகும், இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்கள். ஆர்ச், மஞ்சாரோ, டம்பிள்வீடு மூன்றில் எது? என் வேலை தமிழ் தட்டச்சு, லிப்ரே ஆபீஸ், கிம்ப், கெடென்லைவில் கொஞ்சம் வீடியோ. கமாண்ட் அடிக்கப் பயமில்லை. ஆனால் அதுவே பொழுதாகிவிடக் கூடாது.

அக்டோபர் 17, இரவு

ஓப்பன்சூசே திட்டத்தின் டம்பிள்வீடு போடுங்கள். உடைந்தால் திரும்பிப் போகும் வழி நிறுவும்போதே அமைந்துவிடுகிறது என்பதுதான் காரணம்.

அதன் நிறுவி ரூட் பகுதிக்கு பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையைப் போடும். அதன் மேல் ஸ்னாப்பர் என்ற கருவி ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும். அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுங்கள். கணினி அப்டேட்டுக்கு முந்தைய நிலையில் எழும். அது படிக்க மட்டுமான நிலை. எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ‘ஸ்னாப்பர் ரோல்பேக்’ என்று ஒரு கமாண்ட் கொடுத்து மறுபடி தொடக்கினால் அதுவே நிரந்தரமாகிவிடும். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் தனி சப்வால்யூமில் (தனிப் பிரிவில்) இருப்பதால் அவற்றில் கை வைக்காது.

அச்சகத்துக்கு ஒரு கோப்பு போக வேண்டிய காலையில் எனக்கு உள்நுழைவுத் திரையே வரவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரும் புதிய கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) ஒத்துப்போகவில்லை. முந்தைய ஸ்னாப்ஷாட்டில் ஏறி, கோப்பை அனுப்பி, காபி குடித்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று தேட உட்கார்ந்தேன். இந்த வசதி இல்லாத ரோலிங் டிஸ்ட்ரோவை வேலைக்கான கணினியில் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

அக்டோபர் 18

நேற்று எதைப் போடுவது என்பதற்கு மட்டும் பதில் சொன்னேன். “தொல்லையே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசாமல் விட்டால் இரண்டு மாதத்தில் என்னைத் திட்டுவீர்கள்.

உபுண்டு எல்டிஎஸ், டெபியன் ஸ்டேபிள் மாதிரியானவற்றில் மாற்றங்களைச் சேர்த்து வைத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுக்கிறார்கள். ரோலிங்கில் அதே மாற்றங்கள் வரும் நாளிலேயே ஒவ்வொன்றாக உங்களிடம் வந்துவிடும். மொத்த எண்ணிக்கை குறைவதில்லை. ஒரே நாளில் இருபது விஷயம் மாறி எது எதை உடைத்தது என்றே தெரியாத நிலை மட்டும் இல்லை. இந்த வாரம் மாறியது இதுதான், அதனால் கோளாறு இதில்தான் என்று கை வைக்க முடியும். எனக்கு அது பெரிய நிம்மதி. எல்லாருக்கும் அப்படி இருக்காது. மாற்றம் எந்த நாளில் வரும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

2024 பிப்ரவரி 28-இல் கேடிஈ பிளாஸ்மா என்னும் டெஸ்க்டாப்பின் 6-ஆம் பதிப்பு வந்தது. மார்ச்சிலேயே ஆர்ச்சிலும் டம்பிள்வீடிலும் இறங்கிவிட்டது. பிளாஸ்மா 6-இல், திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-க்குப் பதிலாக வேலேண்ட்தான் இயல்பு. அதுவரை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை வைத்து நிம்மதியாகத் தமிழ் தட்டிக்கொண்டிருந்தேன்; அந்த வாரம் பாதி நிரல்களில் தமிழ் ஏறவில்லை. பிறகு ஃபிசிடிக்ஸ்5 என்ற இன்னொரு உள்ளீட்டுக் கருவிக்கு மாறிச் சரிசெய்தேன், இப்போது முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த மாற்றத்துக்கு நான் தேதி குறிக்கவில்லை. இதற்கு மனம் ஒப்பினால் ரோலிங் உங்களுக்கு.

அக்டோபர் 19

ஆர்ச்சைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். என் லேப்டாப்பில் வருடக்கணக்காக ஓடுவது ஆர்ச்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

கனடாக்காரர் ஜட் வினெட் 2002-இல் தொடங்கியது. எல்லாம் எளிமையாக, மூல நிரல் எழுதியவர்கள் கொடுத்தபடியே, தேவையற்ற ஒட்டு வேலை இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம். முன்பு நிறுவுவதே ஒரு பரீட்சையாக இருந்தது. 2021 ஏப்ரலில் ‘ஆர்ச்இன்ஸ்டால்’ என்ற வழிகாட்டி நிரலை நிறுவல் படிமத்திலேயே சேர்த்துவிட்டார்கள், இப்போது யாரும் நிறுவலாம். ஆர்ச் விக்கிக்கு நிகரான கையேடு லினக்ஸ் உலகில் வேறு கிடையாது. டம்பிள்வீடில் ஒரு கோளாறு என்றாலும் நான் முதலில் திறப்பது ஆர்ச் விக்கியைத்தான். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022-இல் வந்தபோது அதன் ஸ்டீம்ஓஎஸ் 3-க்கு அடித்தளமும் ஆர்ச்தான். 2024-இல் வால்வ், ஆர்ச்சின் பேக்கேஜ் கட்டும் உள்கட்டமைப்புக்கும் கையொப்பப் பாதுகாப்புக்கும் உதவ முன்வந்தது.

நிறுவியபின் வைத்திருப்பதுதான் விஷயம். மூன்று பழக்கம் வேண்டும்.

அப்டேட் செய்யும் முன் ஆர்ச்சின் செய்திப் பக்கத்தைப் பார்ப்பது முதலாவது. இந்த ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். அறிவிப்பைப் படித்தவர்கள் பழையதை நீக்கிப் புதிதாகப் போட்டு நகர்ந்தார்கள். படிக்காதவர்களுக்குக் கோப்புகள் மோதுகின்றன என்று சொல்லி அப்டேட் நின்றது. இரண்டு கமாண்டில் முடிகிற வேலை, ஆனால் எந்த இரண்டு என்று தெரிய வேண்டும்.

அடுத்தது, பாதி அப்டேட் கூடவே கூடாது. ஆர்ச்சின் நிறுவல் கருவியான பேக்மேனில் ‘எஸ்ஒய்’ என்று பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒற்றை நிரலை நிறுவினால், அது புதிய லைப்ரரியையும் (பல நிரல்கள் பகிரும் துணை நிரல்) இழுத்து வரும். பழைய லைப்ரரியை நம்பி இருந்த மற்ற நிரல்கள் படுத்துவிடும். எப்போதும் ‘எஸ்ஒய்யூ’, முழு அப்டேட்தான். “ஆர்ச் உடைந்துவிட்டது” என்று உதவி கேட்டு வந்தவர்களிடம் நான் பார்த்த வகையில் இதுதான் அதிகம்.

மூன்றாவது ஏயூஆர். பயனர்கள் எழுதிப் போடும் கட்டுமானக் குறிப்புகளின் கிடங்கு. கிடைக்காத மென்பொருளே இல்லை என்று ஆர்ச்காரர்கள் பெருமைப்படுவது இதை வைத்துத்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை யாரும் சோதித்துத் தருவதில்லை. இந்த ஜூலை 16-இல் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் பிரவுசர் பெயர்களை ஒட்டி மூன்று பேக்கேஜ்கள் ஏறின. உள்ளே இருந்தது கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் நிரல். 18-ஆம் தேதி நீக்கினார்கள். நடுவில் நிறுவியவர்கள்? ‘பேக்கேஜ்பில்ட்’ கோப்பைத் திறந்து எங்கிருந்து எதை இறக்குகிறது என்று படிக்காமல் ஏயூஆரில் எதையும் நிறுவாதீர்கள். படித்தால் புரியாது என்றால் ஏயூஆர் வேண்டாம். ஏயூஆர் வேண்டாம் என்றால் ஆர்ச் எடுக்கும் காரணத்தில் பாதி போய்விடுகிறது.

அக்டோபர் 19, பிறகு

விட்டுப்போனது ஒன்று. செக்யூர் பூட்டை (கையொப்பமிட்டதை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பை) அணைக்காமல் வைத்திருக்க வேண்டுமென்றால் டம்பிள்வீடு அப்படியே எழும். ஆர்ச்சில் அதை அணைக்க வேண்டும், அல்லது எஸ்பிசிடிஎல் என்ற கருவி கொண்டு சொந்தச் சாவி உருவாக்கிக் கையொப்பமிட வேண்டும்.

அக்டோபர் 23

மஞ்சாரோ. ஆர்ச்சின் பேக்கேஜ்களை எடுத்து அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள் என்று மூன்று கிளைகளில் நிறுத்தி வைத்து, கொஞ்சம் தாமதமாகத் தருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. என் தயக்கம் ஏயூஆரில்தான். அங்கே இருக்கும் குறிப்புகள் ஆர்ச்சின் இன்றைய நிலையை வைத்து எழுதப்பட்டவை. உங்களிடம் இருப்பது இரண்டு வாரம் பழைய லைப்ரரி என்றால் கட்டுமானம் தடுக்கும், அல்லது கட்டியது ஓடாது. ஏயூஆர் தொடாமல் இருப்பேன் என்றால் மஞ்சாரோ பிழையில்லை. ஆனால் அப்போது டம்பிள்வீடு அதைவிட நல்ல தேர்வு என்பது என் கருத்து.

எண்டெவர்ஓஎஸ் பற்றியும் கேட்டார்கள். அது கிட்டத்தட்ட ஆர்ச்சேதான், அழகான நிறுவியும் அன்பான ஆட்களும் கூடுதல். 2022 ஆகஸ்டில், கணினியைத் தொடக்கும் பூட்லோடரான கிரப்புக்கு ஒரு அப்டேட் வந்தது. கான்ஃபிக் கோப்பு புதிதாக எழுதப்பட்டது, ஆனால் டிஸ்கில் பதிந்திருந்த கிரப் பழையதாகவே இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாமல் பல கணினிகள் பூட் ஆகவே இல்லை. லைவ் யூஎஸ்பியில் ஏறி, டிஸ்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து (சிஹெச்ரூட்), கிரப்பைத் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் வந்த பதிப்பிலிருந்து எண்டெவர்ஓஎஸ் சிஸ்டம்டி-பூட் என்ற வேறு பூட்லோடரை இயல்பாக ஆக்கியது. இந்த நிகழ்வை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூட்லோடரே விழுந்தால் ஸ்னாப்ஷாட் மெனுவும் சேர்ந்து விழும். ஆகவே டம்பிள்வீடு போட்டாலும் ஒரு லைவ் யூஎஸ்பியை மேசை இழுப்பறையில் வையுங்கள்.

அக்டோபர் 26

“எப்போதும் புதிய பதிப்பு, அதனால் எப்போதும் பாதுகாப்பு, சரிதானே?” என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

பாதுகாப்புத் திருத்தங்கள் சீக்கிரம் வரும் என்பது சரி. ஆனால் நஞ்சும் சீக்கிரம் வரும். எக்ஸ்ஸட் நிகழ்வை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்ஸட் என்பது எல்லா லினக்ஸிலும் இருக்கும் ஒரு சுருக்கக் கருவி. அதைப் பராமரிக்கும் பொறுப்பில் நம்பிக்கை சம்பாதித்து நுழைந்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தன் டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் சேவை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29-இல் உலகுக்குச் சொன்னார். அரை நொடியை விடாமல் துரத்திய மனிதர். அவருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

அப்போது யாரிடம் அந்தப் பதிப்பு இருந்தது? ரோலிங் வைத்திருந்த நம்மிடம்தான். டம்பிள்வீடில் மார்ச் 7 முதல் 28 வரை இருந்தது. எஸ்எஸ்ஹெச்சை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள் புதிதாக நிறுவுவதே நல்லது என்று ஓப்பன்சூசே சொன்னது. ஆர்ச்சிலும் அந்தப் பேக்கேஜ் வந்திருந்தது. ஆனால் ஆர்ச்சின் எஸ்எஸ்ஹெச் சேவை அந்த லைப்ரரியோடு இணைக்கப்படாததால், தெரிந்த வழியில் தாக்குதல் நடக்க இடமில்லை. டெபியன் ஸ்டேபிள் வைத்திருந்தவர்களை அது தொடவே இல்லை.

இதை வைத்து ரோலிங் ஆபத்தானது என்று சொல்ல வரவில்லை. வீட்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்ஹெச் சேவையை ஓட விடாதீர்கள், ஃபயர்வாலை அணைக்காதீர்கள் என்கிறேன். சர்வருக்கு ரோலிங் வேண்டாம் என்பதிலும் நான் உறுதி.

அக்டோபர் 30

டெபியன் டெஸ்டிங்கை ரோலிங்காக வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை. பலர் வைத்திருக்கிறார்கள். இரண்டு விஷயம் தெரிந்து வையுங்கள். வெளியீடு நெருங்கினால் அது உறைந்துவிடும். இந்த வருடம் மார்ச் 15-இல் முதல் கட்ட உறைவு தொடங்கியது, டெபியன் 13 வந்தது ஆகஸ்ட் 9. இடையில் பெரிதாக எதுவும் நகரவில்லை. இன்னொன்று, ஸ்டேபிளுக்குக் கிடைக்கும் பாதுகாப்புக் குழுவின் கவனம் டெஸ்டிங்குக்குக் கிடையாது. திருத்தங்கள் அன்ஸ்டேபிள் வழியாக, தாமதமாகத்தான் வந்து சேரும்.

ஃபெடோரா 43 நேற்று முன்தினம் வந்திருக்கிறது. அதை ரோலிங் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதி வழி. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. கெர்னல் இடையிலேயே புதிதாகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாத ஆதரவு இருப்பதால் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம். புதுசாகவும் வேண்டும், தேதியும் என் கையில் வேண்டும் என்பவர்களுக்கு இது மிக நியாயமான இடம்.

அப்பாவின் கணினியில் நான் போட்டிருப்பது டெபியன் ஸ்டேபிள். அவருக்கு நாளிதழ், யூடியூப், மின்கட்டணம். ஒரு பட்டன் இடம் மாறினாலே போன் வரும். அவருக்கு ரோலிங் கொடுப்பது அவர்மேல் அக்கறை இல்லாத வேலை.

அக்டோபர் 31

ஜென்டூ, வாய்டு, சோலஸ், நிக்ஸ்ஓஎஸ் பற்றிச் சுருக்கமாக. ஜென்டூவில் மூல நிரலைத் தொகுத்துத்தான் நிறுவ வேண்டும் என்பது பழைய கதை, 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தொகுத்த பேக்கேஜ்களும் கிடைக்கின்றன. ஆனாலும் உங்கள் 8 ஜிபி ரேமுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய்டு, சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி இல்லாமல், அதற்குப் பதிலாக ரன்இட் வைத்து ஓடும், மிக இலகு, மிக வேகம், பழைய லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். சோலஸ் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை தோறும் அப்டேட் தரும். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும், ஆனால் பேக்கேஜ்கள் குறைவு. நிக்ஸ்ஓஎஸ்ஸில் திரும்பிப் போகும் வசதி டம்பிள்வீடைவிட ஆழமானது. அதைக் கற்பது மட்டும் தனிப் படிப்பு. பொழுதாகிவிடக் கூடாது என்று நீங்கள் போட்ட நிபந்தனையில் அது நிற்காது.

நவம்பர் 4

முதல் நாள் சொன்ன பதிலில் ஒரு மாற்றம் செய்கிறேன்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பி இருக்கும் ஒருவர், டம்பிள்வீடு போட்டபின் டேட்டா தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். இது பற்றி நான் யோசிக்கவே இல்லை, என் வீட்டில் ஃபைபர். டம்பிள்வீடில் ஜிசிசி கம்பைலரோ ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியோ பெரிய பதிப்பு மாறும்போது மொத்த டிஸ்ட்ரோவையும் திரும்பக் கட்டுவார்கள். அந்த வாரம் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் இறங்கும், ஒன்றிரண்டு ஜிபி எளிதாகத் தாண்டும். தினசரி டேட்டா வரம்பு உள்ளவருக்கு அது பெரிய அடி.

அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஸ்லோரோல் பொருத்தம். இதுவும் ஓப்பன்சூசேதான், டம்பிள்வீடின் அடிப்படையிலேயே கட்டியது. பெரிய பதிப்பு மாற்றங்கள் மாதத்துக்கு ஒருமுறை அளவில் வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிலேயே வந்துவிடும். பிடிஆர்எஃப்எஸ், ஸ்னாப்பர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கேள்வி கேட்டவருக்கும் ஸ்லோரோல் போதுமோ என்று இப்போது தோன்றுகிறது. கெடென்லைவின் புதிய பதிப்பு மூன்று வாரம் தாமதமாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இன்னொரு வழியும் உண்டு. டம்பிள்வீடையே வைத்துக்கொண்டு அடிக்கடி அப்டேட் செய்யாமல் இருப்பது. ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. மெய்நிகர் கணினியில் நிறுவி, டெஸ்க்டாப்பை ஏற்றி, நிரல்களைத் திறந்து, திரை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறதா என்று படத்தை வைத்து ஒப்பிடும். ஆகவே மூன்று வாரம் விட்டு ஒரே தாவலாகப் புதிய ஸ்னாப்ஷாட்டுக்குப் போனாலும் சிக்கல் அபூர்வம். ஆர்ச்சில் மாதக்கணக்கில் விட்டால் முதலில் கையொப்பச் சாவிகள் காலாவதியாகி அப்டேட்டே மறுக்கும், கீரிங் பேக்கேஜை முதலில் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

நான் சனிக்கிழமை காலையில் செய்கிறேன். கையில் அவசர வேலை இருக்கும் நாளில் செய்வதே இல்லை.

நவம்பர் 9

கேட்டவர் டம்பிள்வீடையே நிறுவிவிட்டார். ஸ்லோரோலுக்குப் பிறகு மாறவும் வழி இருக்கிறது, கவலை வேண்டாம்.

எம்பி4 ஓடவில்லை என்கிறார். எச்264, எச்265 போன்றவை காப்புரிமைக்கு உட்பட்டவை என்பதால் ஓப்பன்சூசே அவற்றின் முழு கோடெக்குகளை (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்களை) தன் ரெப்போவில் (மென்பொருள் கிடங்கில்) வைப்பதில்லை. பேக்மேன் என்ற வெளி ரெப்போவைச் சேர்த்து, கோடெக் தொடர்பான பேக்கேஜ்களை அதற்கு மாற்றுவது வழக்கமான வழி. (ஆர்ச்சின் நிறுவல் கருவியும் தமிழில் பேக்மேன் என்றே வரும், இது வேறு.) இதில் ஒரு தலைவலி உண்டு. டம்பிள்வீடு முன்னே போய் அந்த ரெப்போ பின்தங்கினால் டம்பிள்வீடின் நிறுவல் கருவியான ஸிப்பர் “இதை நீக்கவா, இதைப் பழையதாகவே விடவா” என்று கேள்வி கேட்கும். அவசரப்பட்டு ஏதாவது எண்ணை அழுத்தாதீர்கள். ரத்து செய்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள், தானாகவே தீர்ந்திருக்கும்.

நான் இப்போது செய்வது வேறு. விஎல்சி, கெடென்லைவ் இரண்டையும் ஃப்ளாட்ஹப் என்ற கிடங்கிலிருந்து, தேவையானவற்றோடு சேர்ந்தே வரும் ஃப்ளாட்பேக் பேக்கேஜாகப் போட்டிருக்கிறேன். கோடெக்குகள் அதனோடே வந்துவிடும், வெளி ரெப்போவே தேவையில்லை. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்டேட்டுக்கு ‘ஸிப்பர் டப்’ மட்டும். ‘ஸிப்பர் அப்’ இங்கே வேண்டாம். டம்பிள்வீடின் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் ஒரு முழு வெளியீடு மாதிரி. ஒரு பேக்கேஜ் சிக்கலானால் பழைய பதிப்புக்கே திருப்பி விடுவார்கள், சிலதை நீக்குவார்கள். ‘டப்’ அதைப் பின்பற்றும், ‘அப்’ பின்பற்றாது.

ரூட்டுக்கு 40 ஜிபிக்குக் குறையாமல் கொடுத்தீர்களா? குறைவாகக் கொடுத்தால் ஸ்னாப்ஷாட்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிடும்.

நவம்பர் 10

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்கவும்: ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. எல்லாம் அதே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, எஸ்எஸ்டி போனால் எல்லாமே போகும். ஹோமும் அதில் சேராது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி உங்கள் கோப்புகளை வாரம் ஒருமுறை நகலெடுங்கள். இது எந்த இயங்குதளத்துக்கும் பொருந்தும். ஸ்னாப்பரை நம்பி இதைக் கைவிட்ட நண்பர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நவம்பர் 16

பிளாஸ்மாவில் தமிழ்99 எப்படி என்று கேட்டவர்களுக்கு.

ஃபிசிடிக்ஸ்5, அதோடு பல மொழிகளின் தட்டச்சு முறைகளைத் தரும் ஃபிசிடிக்ஸ்5-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதியில் ‘விர்ச்சுவல் கீபோர்டு’ என்று இருக்கும், அதில் ஃபிசிடிக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுங்கள். வேலேண்டில் இந்தப் படி இல்லாமல் வேலை செய்யாது, பலர் தவறவிடுவதும் இதைத்தான். பிறகு ஃபிசிடிக்ஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து ஜிடிகே ஐஎம் மாட்யூல் போன்ற சூழல் மாறிகளை எங்காவது எழுதி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், இப்போது அவையே இடைஞ்சல் செய்கின்றன.

எம்17என் வழியாகவே ஏன் என்றால், அதில் புள்ளி தானாக விழும். க இரண்டு முறை தட்டினால் ‘க்க’ வரும். சாதாரண விசைப்பலகைப் பட்டியலில் இருக்கும் தமிழ் அமைப்பு ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே போகும், இந்த அறிவு அதற்குக் கிடையாது. தட்டச்சு இயந்திர முறை, ஒலிபெயர்ப்பு முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாமும் எம்17என்னில் உண்டு.

க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஐபஸ் அதனோடு பின்னிப் பிணைந்தது, ஐபஸ்-எம்17என் நிறுவியிருந்தால் செட்டிங்ஸில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். தமிழ் நிறையத் தட்டுபவர், கேடிஈமேல் தனிப் பிரியம் எதுவும் இல்லை என்றால் க்னோம் எடுங்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 29

கேஷிஓஎஸ் போட்டால் வேகம் கூடுமா? ஆர்ச்சை எடுத்து, எக்ஸ்86-64-வி3 என்னும் புதிய செயலி நிலைக்குத் தொகுத்துத் தருகிறார்கள். ஏவிஎக்ஸ்2 உள்ள செயலி வேண்டும், 2013-இன் ஹாஸ்வெல் முதல் கோர் ஐ வரிசையில் அது உண்டு, உங்கள் ஆறாம் தலைமுறையிலும் இருக்கிறது. வீடியோ என்கோடிங்கில் சிறிது வித்தியாசம் தெரியலாம். லிப்ரே ஆபீஸ் திறப்பதில் தெரியாது. டம்பிள்வீடும் சில முக்கிய லைப்ரரிகளுக்கு வி3 பதிப்பைத் தருகிறது. வேகம்தான் குறை என்றால் முதலில் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள், குரோமில் இருபது டேப் திறந்தாலே அருமை தெரியும்.

டிசம்பர் 22

ஆர்ச் வைத்திருப்பவர்கள், என்விடியா 10 வரிசை கார்டு இருந்தால் இந்த வாரம் அப்டேட் அடிக்கும் முன் நில்லுங்கள்.

20-ஆம் தேதி அறிவிப்பு வந்திருக்கிறது. என்விடியா டிரைவர் 590 பாஸ்கல் தலைமுறைக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. ஜிடிஎக்ஸ் 1050, 1060, 1080 எல்லாம் இதில் அடக்கம். ஜிடிஎக்ஸ் 1650-உம் 20 வரிசையும் அதற்குப் பிந்தையவையும் டியூரிங் தலைமுறை முதல் என்பதால் திறந்த கெர்னல் மாட்யூலுக்குத் தானாக மாறிவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பாஸ்கல்காரர்கள் அப்படியே அப்டேட் செய்தால் டிரைவர் ஏறாது, டெஸ்க்டாப் வராமல் போகலாம். பழைய என்விடியா பேக்கேஜை நீக்கிவிட்டு, ஏயூஆரிலிருந்து 580எக்ஸ்எக்ஸ் டிகேஎம்எஸ் பேக்கேஜைப் போட வேண்டும். கெர்னல் ஹெட்டர்களும் நிறுவியிருக்க வேண்டும், டிகேஎம்எஸ் அதை வைத்துத்தான் மாட்யூலைக் கட்டும். பேக்கேஜ்பில்டைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஏற்கெனவே அப்டேட் செய்து திரை கறுத்துவிட்டவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வரும். அங்கே நுழைந்து இதையே செய்யலாம்.

என்விடியா பேக்கேஜை மட்டும் ‘இக்னோர்’ பட்டியலில் போட்டு நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஆர்ச்சின் அந்தப் பேக்கேஜ் குறிப்பிட்ட கெர்னலுக்காகக் கட்டப்பட்டது. கெர்னல் மட்டும் முன்னேறினால் அடுத்த மறுதொடக்கத்திலேயே மாட்யூல் பொருந்தாமல் போகும். இதுவும் பாதி அப்டேட்டின் இன்னொரு வடிவம்தான். நோவோ என்ற திறந்த டிரைவருக்குப் போகலாம், திரை வரும். ஆனால் பாஸ்கல் கார்டுகளில் அது கடிகார வேகத்தை உயர்த்த முடியாததால் கார்டு மிக மெதுவாகவே ஓடும். வீடியோ வேலைக்கு அது போதாது, 580எக்ஸ்எக்ஸ் போடுங்கள்.